ஆஸ்பத்திரிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்கப் போனேன்

அடுத்தவர் மனதில் இருப்பதைக் கேட்டு வருவதும் ஒரு பிழைப்புதான். வாசல் வாசலாக ஏறி, "எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு என் பாடு புரியும்.

வெள்ளைக்காரத் துரைமார் காலம். யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண்கள் தாங்கள் குடியிருந்த லயத்து அறைகளிலேயே பிள்ளை பெற்றார்கள், சிலர் பிழைக்கவில்லை. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரிக்கோ யாரும் வருவதில்லை. அங்கே வந்த டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மாத்தளை டவுனில் டீச்சராயிருந்த என்னை, காரணம் கேட்டுவரச் சொன்னார்.

பிரட்டுக்களம்

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் எல்லாரையும் ஒன்றாகக் கேட்டுவிட நினைத்தேன். மூடுபனியில் முகமே தெரியவில்லை. தலையில் போட்ட கம்பளிகள் மேகத்தில் மிதந்துகொண்டிருந்தன. "புள்ள பெத்துக்க ஆஸ்பத்திரி நல்லதுன்னா கை தூக்குங்க" என்றேன். கங்காணி தூக்கினார், பனிக்குள்ளிருந்து அத்தனை கைகளும் எழுந்தன. சந்தேகத்தோடு, "லயமே நல்லதுன்னா?" என்றேன். மறுபடியும் அத்தனை கைகளும், கங்காணியின் கை உட்பட.

அவர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம ஆளுங்க யாரு மனசையும் நோகடிக்க மாட்டாங்கம்மா."

முத்தம்மாவின் காம்பரா

சரி, தனித்தனியாகக் கேட்போம் என்று லயத்துக்குப் போனேன். முத்தம்மாவுக்கு நிறைமாதம். அந்த ஒற்றை அறையின் அடுப்புப் புகைக்குள் நின்றாள். காலைக் கட்டிக்கொண்டு அவளுடைய சின்ன மகள். நான் முத்தம்மாவைக் கேட்டேன், புருஷன் பதில் சொன்னான். அவன் வெளியே போனதும் திரும்பக் கேட்டேன். ஆஸ்பத்திரி பிடிக்குமா? பிடிக்கும். வருவாயா? வருவேன். அவள் கண் மட்டும் புகையைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

கடைசியில் அலுப்போடு சொன்னாள்: "எதச் சொன்னா ஒங்களுக்குச் சந்தோஷமோ, அதையே எழுதிக்குங்கம்மா."

பீலிக்கரை

ஞாயிற்றுக்கிழமை கேள்விகளை விட்டுவிட்டு அழுக்குத்துணியோடு பீலிக்குப் போனேன். மூங்கில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது. ஏலக்காய் வாசம் ஈரக் காற்றில் வந்து வந்து போனது. பெண்கள் பேசினார்கள்; நான் துவைத்தேன். பேச்சோடு பேச்சாக, என் தங்கை பிரசவத்தில் போனதைச் சொன்னேன்.

பிறகு முத்தம்மா, போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தியின் கதையைச் சொன்னாள். லயத்தில் தனியாக விட்டுப்போன மகன் அடுப்பில் விழுந்துவிட்டான். அவள் கைக்குழந்தையோடு திரும்பியபோது மூத்தவன் இல்லை.

"பெத்துக்கப் பயமில்லக்கா, பெத்தத யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" என்றாள் முத்தம்மா.

கட்டிலருகே

நான் போய்ச் சொன்னதும் டாக்டரம்மா தோட்டத்துத் துரையோடு மல்லுக்கட்டி, ஆஸ்பத்திரியில் ஒரு காம்பராவை மூத்த பிள்ளைகளுக்கென்று ஒதுக்கவைத்தார். அதன் பிறகு முதலில் வந்தவள் முத்தம்மா, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. நல்லபடியாக ஆண்பிள்ளை பிறந்தது. சன்னலுக்கு வெளியே மழை மலையை மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்னபடி, ஆஸ்பத்திரியைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கப் போனேன்.

அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள்: "ஒண்ணும் கேக்காம இவனக் கொஞ்சம் வச்சிக்கங்கக்கா, நான் தூங்கணும்."

மனிதர் மனதை அறிய எத்தனையோ முறைகளைப் பார்த்துவிட்டேன், அவற்றில் மிகவும் கடினமானது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என்று நான் சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள்.