பூசணம் பிடித்த சோளமும் மூச்சுப் பிடித்த வீட்டுக்காரரும்

ஒரு வீட்டுச் சமையலறையின் லட்சணம் அந்த வீட்டு மாமியாருக்குத் தெரிவதற்கு முன்பே மாவு மில்காரிக்குத் தெரிந்துவிடும். பையைப் பிரித்ததும் வருகிற வாசனை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சரவணம்பட்டியில் மில் வைத்திருக்கிறேன். தூசியும் தும்மலுமாய்ப் பிழைப்பு நடத்துகிற என் இனத்தாரே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டியதில்லை.

நான் முதலாளியம்மா ஆனது

மில் என் வீட்டுக்காரருடையது. மழைக்காலம் வந்தால் அவருக்கு மூச்சு இழுக்கும். சளி, சளி என்று நாலு வருஷம் ஓட்டினோம். கடைசியில் பீளமேட்டில் ஒரு டாக்டரிடம் போனோம். கையில் வரிசையாய்ச் சொட்டு மருந்து வைத்து ஊசியால் கீறிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் புடைத்துக்கொண்டது. பூஞ்சை. ஈரம் பட்ட தானியத்தில் வருகிற பூசணத்தூள் இவர் மூச்சுக்கு ஆகவே ஆகாதாம்.

டாக்டர் நிமிர்ந்து, "என்ன தொழில் பண்றீங்க?" என்றார். இவர் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு டாக்டர் சொன்னது: "உங்களுக்கு மாத்திரை எழுதறதா, வேற வேலைக்கு அப்ளிகேஷன் எழுதறதான்னே தெரியலீங்க."

அடுத்த வாரம் இவர் எதிர் பேக்கரியில் டீ மாஸ்டர். நான் மில்லில்.

ஆர்கானிக்

அபார்ட்மென்டிலிருந்து ஒரு பெண் ராகி கொண்டுவந்தார். ஐ.டி. கம்பெனிக்காரர், கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்ற நேரமில்லாமல் வந்திருந்தார். டப்பாவைத் திறந்தால் ராகி கட்டி கட்டியாய் உருண்டு, மேலே சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டிபோல் ரோமம் முளைத்திருந்தது.

"இதை அரைக்க முடியாதுங்க. அரைச்சா அடுத்தவங்க மாவுலயும் ஏறிப்போயிரும்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த ராகியை எங்கே வாங்கினார், எத்தனை பேர் சிபாரிசு செய்தார்கள் என்றெல்லாம் சொன்னார். நான் டப்பாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன். அப்போதும் அவர் விடவில்லை:

"சுத்தமான ஆர்கானிக்குங்க இது, அதனாலதான் பூசணம்கூட நம்பி வந்து உக்காந்திருக்குது!"

வறுத்த கம்பு

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர் ஒருவர், சம்பந்தி வீடு சரவணம்பட்டியில் இருப்பதால் நம் மில்லுக்கு வருவார். ஒருநாள் கம்பு கொண்டுவந்தார். பளபளவென்று வறுத்திருந்தது. ஆனால் கையில் அள்ளினால் பழைய கோணிச்சாக்கு வாடை.

"பூசணம் புடிச்சிருந்துச்சுங்க. கழுவிக் காயவெச்சு, நல்லா வறுத்துப்போட்டேன்" என்று அவரே ஒப்புக்கொண்டார். வறுத்தால் பூசணம் சாகும், ஆனால் அது விட்டுப்போன விஷம் அந்தச் சூட்டுக்கெல்லாம் முழுசாய்ப் போகாது, அது ஈரலுக்கு நல்லதில்லை என்று டாக்டரிடம் கேட்டதைச் சொன்னேன்.

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "அத்தனை சூட்டுக்கும் அசையலைன்னா அது எங்க மச்சானுக்குச் சொந்தமாத்தானுங்க இருக்கோணும்."

ராஜாமணியக்கா

இதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ராஜாமணியக்கா கோயில்பாளையம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். தன் காட்டுச் சோளத்தைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டார். ஒரு வருஷம் அறுத்துவைத்த சோளம் மழையில் நனைந்துவிட்டது. பாதி கருத்திருந்தது. முடியாது என்றேன். "நானே வெதச்சு நானே களையெடுத்தது அம்மணி, கொட்டச் சொல்லாத" என்று கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். என் மனசு இளகிவிட்டது. மத்தியான நேரம், வேறு ஆளில்லை. மெஷின் வாயில் கொட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து இவர் எனக்கு டீ கொண்டுவந்தார். வழக்கம்போல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போகத்தான் வந்தார். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தூள் மொத்தமும் வாசலுக்குப் போனது. டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். இவர் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உதடு நீலமாகிறது, பேச்சு வரவில்லை. மெஷினை நிறுத்தினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை. ராஜாமணியக்காதான் ரோட்டின் நடுவில் போய் நின்று ஆட்டோவை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப்புகை கொடுத்தார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மில்லை விற்றுவிடலாம், என் புத்தியையும் சேர்த்து விற்றுவிடலாம் என்று அழுதுகொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மூச்சு சீராகியது. ஏதோ சொல்ல வேண்டும் என்று கையைக் காட்டினார். திட்டப்போகிறார், திட்டட்டும் என்று குனிந்தேன். மாஸ்கை விலக்கிக்கொண்டு மெதுவாய்க் கேட்டார்: "சாந்தி, ரெண்டு படி அரிசி விட்டு மெஷினைச் சுத்தமா ஓட்டிப்போட்டியா? காலைல டீச்சரம்மா கொழந்தைக்குச் சத்துமாவு அரைக்க வருவாங்க."

பெஞ்சில் ஒரு அதிகாரி

ராஜாமணியக்கா அந்த மாவையும் மிச்சச் சோளத்தையும் அப்படியே கொண்டுபோய்த் தோட்டத்தில் குழி வெட்டி மூடினார். மாட்டுக்கு வைக்கலாமா என்றுதான் முதலில் கேட்டார், விஷம் பாலில் இறங்கும் என்று நான் சொன்னதும் மண்வெட்டியைத் தேடினார்.

இப்போது மாவு அரைக்க வந்தால், அரைத்து முடித்ததும் அவர் கிளம்பிவிடுவதில்லை. முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் பையையெல்லாம் பிரித்துப் பார்க்கிறார். போனவாரம் ஒரு காலேஜ் பையன் எதிர்த்துப் பேசினான். பாட்டி ஊரிலிருந்து அனுப்பிய கம்பாம், லேசாகத்தான் வாடை அடிக்கிறதாம், அரைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறதாம்.

அக்கா அவன் பையை முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்தார். "கண்ணு, என்ற சோளத்தையே குழியில போட்டு மூடிப்போட்டேன், உன்ற கம்பு என்ன கலெக்டரா?"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, இந்த மெஷினை ஓட்டப் பத்துக் குதிரைச் சக்தி போதும், "அரைக்க முடியாதுங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லத்தான் இருபது வேண்டியிருக்கிறது.