துண்டு போட்ட மிஷின்

மணிமங்கலத்து லாசர் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துளையிடும் மிஷினை ஓட்டிவந்தார். 1991-இல், அவரவர் பக்கத்து மிஷினையும் பழகவேண்டும் என்று சூப்பர்வைசர் அறிவித்தார். லாசரோ பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலத் தம் மிஷின்மேல் துண்டைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

"இன்னா லாசரு, இது இன்னா தாம்பரம் பஸ்ஸா? வாப்பா, ரெண்டு நாள்ல கத்துக்கினு வந்துடலாம்" என்று சிரித்தார் கூட்டாளி கன்னியப்பன்.

"நான் அந்தாண்ட போனா வேற எவனாவது வந்து குந்திக்குவான். நீ போ."

கன்னியப்பன் மூன்று மிஷின்களைப் பழகிக்கொண்டார். தீபாவளிக்கு முன் லாசரின் மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். வேறெதுவும் ஓட்டத் தெரியாததால் அவருக்கு வேலை போயிற்று. துண்டை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார் கன்னியப்பன்.

லாசர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாருமே வந்து குந்தலியே, கன்னியப்பா."