மகளுக்காக வெட்டிய மேடு

மகள் சிவானுஜா ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, பதுளைக்குப் பக்கத்து மலையூரான ஹாலிஎலயில் நல்ல வெயில். வேனில் ஏறியவள் தலையை வெளியே நீட்டினாள்.

"அப்பா, நான் லீவுல வர்றதுக்குள்ள பெட்மின்டன் கோர்ட்ட போட்டு வைங்க. பந்து பள்ளத்துல விழுந்துருச்சின்னு பாதி ஆட்டத்துல நீங்க தப்பிச்சி ஓடுற வேலையெல்லாம் இனி நடக்காது."

பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ராமநாதனுக்கு அதன்பின் வேறு நினைப்பே இல்லை. வீட்டின் பின்பக்கம் பெட்மின்டன் கோர்ட்டுக்கு அகலம் போதும்; நீளம்தான் கொஞ்சம் பத்தவில்லை. மானாப்புல் அடர்ந்து வளர்ந்த மண்மேடு ஒன்று குறுக்கே நின்றது.

"அந்த மானாப்புல்லுதாங்க மேட்டைப் பிடிச்சிக்கிட்டு இருக்கு. கோர்ட்டைச் சின்னதா போட்டா என்னவாம்?" என்றாள் மனைவி சந்திரகாந்தி.

"சின்னக் கோர்ட்டுல நான் ஜெயிச்சா ஒம் மக ஒத்துக்குவாளா?"

மேட்டைச் செங்குத்தாக வெட்டி, சீமெந்துத் தரை போட்டு, வெள்ளைக் கோடும் இழுத்தார். வலையை மகளே வந்து கட்டட்டும் என்று சுருட்டி வைத்தார்.

ஐப்பசி மழையில் மேடு சரிந்து கோர்ட்டை மூடியது. ஆள் வைத்து அள்ளினார். அள்ள அள்ள மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு சமையலறைச் சுவரிலும் வெடிப்பு ஓடியது. இனி இங்கே குடியிருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட, இருவரும் கடைக்கு மேலிருந்த அறைக்குப் போனார்கள். மகளிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் சித்திரையில், துணி அளந்துகொண்டிருந்தவரின் போனுக்குச் செய்தி வந்தது.

"அப்பா, டிக்கட் போட்டாச்சி. ஒங்களுக்கும் புது ரெக்கட் வாங்கியிருக்கேன். கோர்ட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."