சங்கிலிக்குப் பதில் ஒரு குதிரை

விபத்து நடந்த ஒன்பதாம் நாள், கஞ்சி ஊற்ற வந்த என் மதினியின் கொண்டை ஊசியைப் பிடுங்கி எறிந்தேன். கையோடு அவள் முடியும் வந்தது. அவள் அலறினாள். நானும் அலறத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எனக்கு நோய் என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வாசல் வேலை. உள்ளே போகிற பெண்களின் கொண்டை ஊசி, ஊக்கு, கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு அனுப்ப வேண்டும். இரும்பு உரசிப் பொறி பறந்தால் அறையே போய்விடும். ஆறு வருடத்தில் ஒரு ஊக்குகூட என்னைத் தாண்டிப் போனதில்லை.

தீபாவளி சீசனில் ஒரு காலை, லாரி வந்து நின்றதும் மேனேஜர் வாசலுக்கு ஓடி வந்தார். "லோடு நிக்குது. ஒவ்வொருத்தியாத் தடவிக்கிட்டு நிக்காத, எல்லாரையும் உள்ள விடு" என்றார். விட்டேன். பத்து மணிக்கு அறை வெடித்தது. நாலு பெண்கள் போனார்கள்.

என் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதுவே எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. "வாசல்ல நின்னவ ஒழுங்காப் பாக்கலை" என்று கம்பெனி கையைக் கழுவிவிட்டது. இல்லை என்று சொல்ல வேண்டியவளுக்கு வாய் அடைத்துக் கிடந்தது. ஆகா, என்ன நியாயம்!

ஊர்க்காரர்கள் பேய் என்றார்கள். புருசனை இழந்த என்னை வைத்துக் காப்பாற்றிய அண்ணனும் அதைத்தான் நம்பினார். பொங்கல் கழிந்ததும் ஒரு கோயிலில் கொண்டுபோய் விடுவதாக முடிவாயிற்று. அங்கே புத்தி பிசகியவர்களைத் தூணில் சங்கிலியால் கட்டி வைப்பார்கள். கொண்டை ஊசியைக் கண்டு நடுங்குகிறவளுக்கு இரும்புச் சங்கிலி! இது ஒருவருக்கும் உறைக்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் முடியைப் பிடுங்கிய அதே மதினிதான் என்னைச் சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அண்ணனும் வந்தார். வாசலில் டாக்டரம்மாவின் ஜட்கா வந்து நின்றது. குதிரையின் லாடம் கல்லில் உரசிப் பொறி பறந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தேன். டாக்டரம்மா என்னைத் தூக்கவில்லை. சேலை புழுதியாவதைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தொண்டையில கோளாறு இல்ல. இது ஷாக்" என்றார். (பயமுறுத்திய சம்பவம் முடிந்த பிறகும் பயம் மட்டும் உடம்பில் தங்கிவிடுவது.) "பொங்கல் வரைக்கும் இவள எங்கிட்ட விடுங்க. தினம் காலையில வந்து இந்தக் குதிரையப் பாத்துக்கிடட்டும்."

அண்ணன் சிரித்தார். "குதிர லத்தி அள்ளுனா பைத்தியம் தெளிஞ்சிருமாம்மா? என்ன சொல்றீக?"

"சங்கிலி போட்டா மட்டும் தெளிஞ்சிருமா?" என்றார் டாக்டரம்மா. பொங்கல் வரைக்கும்தான் என்று சொல்லி அண்ணன் சம்மதித்தார்.

ஜட்கா ஓட்டுபவர் மைதீன். குதிரை பெயர் சிட்டு, பெண் குதிரை. நான் அருகே போக வேண்டுமென்று அதன் நாலு லாடத்தையும் கழற்றி மணலில் நிறுத்தினார். லாடமில்லாமல் தார் ரோட்டில் வண்டி இழுக்க முடியாது. அத்தனை நாளும் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார்.

இப்படி உங்களையும் குதிரையிடம் அனுப்பினால், ஒன்று சொல்கிறேன். முதல் வாரம் ஒன்றும் நடக்காது. நீங்கள் ஒரு மூலையில் நிற்பீர்கள், அது புல் தின்னும். நீங்கள் நடுங்கினால் அதன் காது பின்னால் மடங்கும். கோபித்துக்கொண்டதாக நினைக்காதீர்கள், உங்கள் பயம் அதற்கும் தொற்றுகிறது, அவ்வளவுதான். மூச்சை நிதானமாக விட்டால் அதுவும் கழுத்தைத் தாழ்த்தும். மூன்றாம் வாரம்தான் நான் அதன் கழுத்தில் கை வைத்தேன். எம்புட்டுச் சூடு! ஓவென்று அழுதேன், சத்தமில்லாமல்.

தினமும் குதிரையைத் தேய்த்து முடித்ததும் டாக்டரம்மா கேட்பார், "சிட்டு இன்னைக்கு எப்படி இருந்தா?" நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் கையால் காட்டுவேன்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் துணிப்பையோடு வந்துவிட்டார். கோயிலுக்கு மத்தியானம் பஸ். அதே காலையில்தான் மைதீன் லாடம் அடிக்க ஆள் வரவழைத்திருந்தார். சிட்டு திமிறியது, ஆளைக் கிட்டே சேர்க்கவில்லை.

"சீனியம்மா, நீ பிடிச்சாத்தான் நிப்பா. முடியாட்டி வேணாம் தாயி" என்றார் மைதீன்.

போனேன். முன்னங்காலை மடக்கி மடியில் ஏந்திக்கொண்டேன். லாடக்காரர் சுத்தியலை ஓங்கினார். பத்து மணி, வாசல், லாரி, எல்லாம் கண்முன் வந்து நின்றன. எனக்கு உடம்பு நடுங்கியது, சிட்டுக்கும் நடுங்கியது. மூச்சை விட்டேன். அதுவும் விட்டது. சட்டென்று என் கை லாடக்காரர் முன்னால் நீண்டது.

"நில்லுங்க. ஆணியைக் காட்டுங்க. நான் பாத்த பெறகுதான் அடிக்கணும்."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். லாடக்காரர் ஒவ்வொரு ஆணியாக என் உள்ளங்கையில் வைத்தார். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத் தந்தேன். ஆறு வருடம் செய்த வேலை அது, கை மறந்திருக்கவில்லை. கடைசி ஆணி இறங்கியதும் அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, அன்னைக்கு என்னப் பாக்க விடல. மேனேஜர்தான் எல்லாரையும் உள்ள விடச் சொன்னாரு."

அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்தார். "இத்தன நாளா இதச் சொல்லத்தான் கிடந்தியா?" என்று கேட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுவாரம் அண்ணனும் நானும் கம்பெனிக்குப் போய் இதையே சொன்னோம். வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பைத்தியக்காரி பேச்சாம்! பேசாதபோது குற்றவாளி, பேசினால் பைத்தியமா? கொதித்துப்போய் டாக்டரம்மாவிடம் வந்து கேட்டேன், "இந்தக் கோவம் எப்பம்மா தீரும்?"

"அது நோயில்ல சீனியம்மா. அதுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது."

என் உடம்பு பழைய உடம்பாகவில்லை. திடீரென்று சத்தம் கேட்டால் விரல்கள் இன்னும் மடங்கும், அப்போது குளம்பின் கனத்தை உள்ளங்கையில் நினைத்துக்கொள்வேன். முன்பெல்லாம் எனக்கு நாள் முழுவதும் அந்தப் பத்து மணிதான். இப்போது பதினொன்றும் வருகிறது. பத்தடிக்கும்போது மட்டும், போன நாலு பேரின் பெயரையும் வாய்விட்டுச் சொல்கிறேன். யார் காதில் விழுந்தாலும் சரி, விழட்டும்.