பூக்கட்டிப் பார்த்த மேற்படிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்ணின் மேற்படிப்பு என் கையில் இருந்தது. நிஜமாகவே கையில்தான்... வெற்றிலைப் பொட்டலமாக!

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் பகுதிக்காரர் செல்வம் அண்ணன் – எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன், காரணம் பிறகு – லாரி ஓட்டுகிறார். மகள் தர்ஷினிக்கு ஜெர்மனியில் கணித இயற்பியல் முதுகலை படிக்க இடம் கிடைத்தது, முழு உபகாரச் சம்பளத்தோடு. அண்ணன் முடியாது என்றுவிட்டார். அதுவும் எங்கே? ஒரு கல்யாண வீட்டில், தம்பிமார் அத்தனை பேர் முன்னால்.

"டாக்டரு, லாயருன்னா அனுப்பலாம். இது என்னா படிப்பு? படிச்சிட்டு என்னா வேலை? போவ வேணாம்லா!"

சபையில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா? தர்ஷினி சாப்பாட்டைத் தொடவில்லை. பதில் அனுப்பக் கடைசி நாள் திங்கள்.

கடைசியில் அண்ணனே இறங்கி வந்தார். "அம்மன்கிட்ட பூக்கட்டிப் பார்ப்போம். ஆத்தா சொல்றதுதான் முடிவு."

கோலா கங்சார் பக்கம் அவர் பிறந்த தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளும் இல்லை. மாரியம்மன் மட்டும் இருக்கிறாள். ஞாயிறு காலை என்னையும் அங்கே கூட்டிப் போனார்; தம்பிமாரும் வந்திருந்தார்கள். அண்ணன் ஓரமாகத் திரும்பி நின்று, இரண்டு வெற்றிலையில் தனித்தனியே பூவை மடித்து நூல் சுற்றி அம்மன் முன் வைத்தார். வெள்ளை வந்தால் ஜெர்மனி. சிவப்பு வந்தால் ஈப்போ.

"இதெல்லாம் நம்புறியாம்மா?" என்று தர்ஷினியிடம் கிசுகிசுத்தேன்.

"ஃபிஃப்டி ஃபிஃப்டி, அங்கிள். அப்பாகிட்ட கேட்டா ஸீரோ. இது தேவலாம்லா." கண் கலங்கியிருந்தது.

வெளியாள் எடுத்தால்தான் நியாயமாம். என்னை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தேன்... வெள்ளை அரளி!

தர்ஷினி அழுதே விட்டாள். "ஆத்தாவே சொல்லிட்டா, அப்புறம் நாம யாரு?" என்றார் அண்ணன், தம்பிமாரைப் பார்த்து. அவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லோரும் பொங்கல் வாங்கப் போனபின் எனக்கு ஒரு குறுகுறுப்பு. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை! நிமிர்ந்தால் எதிரே அண்ணன்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்கலா..." குரல் உடைந்திருந்தது.

நான் சொல்லவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

'போய் வா' என்ற ஒரு வார்த்தைக்கு நம் அப்பாக்கள் எவ்வளவு தூரம் சுற்றி வருகிறார்கள்! மனம் மாறியதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அம்மனைத் துணைக்கு அழைக்கிறார்கள்.

அம்மா தர்ஷினி... அண்டத்துக்கே கணக்குப் போடப் போகிற நீ, அப்பாவை மட்டும் ஸீரோ என்று தப்பாகப் போட்டுவிட்டாயே!