ஊத்துக்கோட்டைப் பெண்ணை விசாரிக்கப் போனது

என் தங்கை மேற்படிப்புக்காக இங்கிலாந்து போக இரண்டு வாரம் இருந்தது. அங்கே அவள் முதல் பத்து நாள் தங்கப்போகும் வீட்டைப் பற்றி முடிவு சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. பல்கலைக்கழக விடுதியில் அறை பத்து நாள் கழித்துத்தான் கிடைக்கும். அதுவரை தன்னோடு தங்கலாம் என்று அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சொல்லியிருந்தாள். விமான நிலையத்துக்கும் அவளே வருவாளாம். அவளை எங்களில் யாரும் பார்த்ததில்லை. அந்த ஊருக்குப் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். தங்கைக்கு அவள் அறிமுகமானது அதில்தான்.

வேப்பம்பட்டிலிருந்து அப்பா போன் செய்தார். "அந்தக் குழுவ நீ முழுசா படிச்சிப் பாரு. நீ சரின்னா அனுப்பலாம். இல்லன்னா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடலாம்."

நான் மூத்தவள், பி.எஸ்சி. முடித்தவள். என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை செய்த என் கணவரிடம் கேட்டேன். "கம்பி ஒடையுமா ஒடையாதான்னு கேளு, சொல்றேன். கம்ப்யூட்டர்ல கிற பொண்ணு நல்லவளா கெட்டவளான்னு எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

கைப்பேசியில் இணையம் பார்க்காத காலம் அது. பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஐந்து நாள் போனேன். தங்கையின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து, குழந்தையின் கை விசைப்பலகைக்குப் போகாமல் பிடித்துக்கொண்டே படித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தார்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு, யார் கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்று குறித்தேன். குக்கர் கொண்டுவரலாமா என்ற கேள்விக்கு ஒருவர் இரண்டாகக் கொண்டுவா என்கிறார், இன்னொருவர் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்கிறார். ஒருவன் பெண்கள் கேட்டால் மட்டும் பதில் எழுதுகிறான். அவன் பெயரைச் சிவப்பு மையில் எழுதினேன்.

தங்கைக்கு இடம் தருவதாகச் சொன்ன பெண் எல்லாருக்கும் பதில் எழுதியிருந்தாள். ஏடாகூடமாகக் கேட்டவர்களுக்கும் பொறுமையாக எழுதியிருந்தாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. முகம் தெரியாதவர்களுக்கு ஒருத்தி எதற்காக இவ்வளவு செய்ய வேண்டும்?

ஐந்தாம் நாள் இன்னொன்றைக் கவனித்தேன். முந்தைய வருடம் நான்கு பெண்கள் அவள் வீட்டில் தங்கப்போவதாக எழுதியிருந்தார்கள். வரும் தேதியையும் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நான்கு பேரில் ஒருத்திகூட ஒரு வரி எழுதவில்லை. எங்கள் வீட்டில் பக்கத்து ஊருக்குப் போனாலே போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அம்மாவுக்குக் கை கால் ஓடாது. அந்த நான்கு பெயர்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.  குழந்தையை இறுக்கிப் பிடித்திருப்பது அது சிணுங்கிய பிறகுதான் தெரிந்தது.

அவள் யாருக்கோ எழுதிய பதிலில் ஒரு தகவல் இருந்தது: சொந்த ஊர் ஊத்துக்கோட்டை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்பா உரக்கடை வைத்திருக்கிறார். ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஊருக்குப் போய் விசாரிப்பது. அவள் எழுதியவற்றை அச்செடுத்து, குழந்தையின் துணிப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை கவரைப்பேட்டையில் பஸ் மாறிப் போனேன். தங்கையிடம் சொல்லவில்லை.

உரக்கடை பூட்டியிருந்தது. பக்கத்து மளிகைக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ண பத்தி விசாரிக்க வந்துகிறீங்களா?"

ஆமாம் என்றேன். கேட்டது அதைத்தானே.

"தங்கமான பொண்ணும்மா. உயரந்தான் கொஞ்சம் கம்மி. மாப்ள உனுக்கு தம்பியா, கொழுந்தனாரா?"

அவருக்கு விளக்கிச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஆளை அனுப்பி வீட்டைக் காட்டச் சொல்லிவிட்டார்.

கதவைத் திறந்த அந்தப் பெண்ணின் அம்மாவிடம், "லண்டன் பக்கம் படிக்கிற உங்க பொண்ணு விஷயமா வந்தேன்" என்றேன். அப்படித் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். 

"எம் பொண்ணுக்கு இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, நல்லா இருக்காங்க."

"மூணு வாரமா போன் இல்ல. நீ யாரு? போலீஸா?"

இடுப்பில் குழந்தையோடு நின்ற என்னைப் பார்த்து அப்படிக் கேட்டார். என் பயத்தைப் பஸ்ஸில் சுமந்து வந்து அவர் வாசலில் இறக்கிவிட்டதாகத் தோன்றியது. உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான், அவர் வீட்டில். பிறகு தங்கையைப் பற்றியும் குழுவைப் பற்றியும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"முன்ன பின்ன தெரியாதவங்கள ஊட்ல வச்சிகினு கிறாளா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவங்க நைனாவுக்கும் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எம் பொண்ண விசாரிக்க பஸ் ஏறி வந்துட்ட. உன் தங்கச்சி எப்டிப்பட்டவன்னு நான் எங்கம்மா போய் விசாரிக்கிறது?"

அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

பையிலிருந்த தாள்களைக் கண்டு, அவள் எழுதியதா என்று கேட்டார். படிக்கச் சொன்னார். கம்பளி, குக்கர், பஸ் பாஸ் என்று படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பதிலில் நின்றுவிட்டேன். 'நான் வந்த முதல் வாரம் ஜுரம். எழுந்து தண்ணி எடுக்க முடியல. யாரையும் தெரியாது. இனி வர்ற யாரும் அப்படிக் கிடக்கக் கூடாது.' விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். "படிம்மா" என்றார். படித்துவிட்டேன்.

அந்த அம்மா தாளை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "போன் பண்ணும்போதெல்லாம் நல்லா கிறேன், நல்லா கிறேன்னுதாம்மா சொன்னா" என்றார். கிளம்பும்போது, "அவங்க நைனா வரட்டும். நாங்க பேசிகினு அவகிட்ட சொல்லிக்கிறோம். உன் தங்கச்சிக்கு வேற இடம் பாத்துக்க" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். இருந்த ஒரே இடத்தையும் நானே கெடுத்துவிட்டேன். அன்று மாலை போனில் தங்கையிடம் சொன்னேன். "உன்ன யாருக்கா அங்க போகச் சொன்னது" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணுக்கு முதல்முறையாக என் பெயரில், நடந்ததை மறைக்காமல் எழுதினேன். மூன்று நாள் பதில் இல்லை. அந்த மூன்று நாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்தேன்.

நான்காம் நாள் பதில் வந்திருந்தது. 'அம்மா ரெண்டு நாளா அழறாங்க. ஜுரம் வந்ததை நீங்க சொல்லியிருக்கக் கூடாது. அது என் விஷயம். என்னைப் பத்தித் தெரியணும்னா என்னையே கேட்டிருக்கலாம், எதை வேணும்னாலும் சொல்லியிருப்பேன். போன வருஷம் இங்க தங்கின நாலு பேர் நம்பரும் கீழே இருக்கு, பேசிக்குங்க. அம்மாவைச் சம்மதிக்க வச்சுட்டேன். உங்க தங்கச்சி ஃப்ளைட் எத்தனை மணிக்கு, எந்த டெர்மினல்ல இறங்குதுன்னு அனுப்புங்க.'

அந்த நான்கு எண்களில் ஒன்றையும் கூப்பிடாமலே அப்பாவுக்குப் போன் செய்து, அனுப்பலாம் என்றேன்.

"எப்டி சொல்ற?"

"அவ அம்மாவ அழவச்சதுக்கு அந்தப் பொண்ணு என்னைத் திட்டியிருக்காப்பா."

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்தார். டிக்கெட்டைப் பார்த்து நேரத்தையும் டெர்மினல் எண்ணையும் படித்தார். இரண்டு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு அதை அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை போன் செய்து கேட்டேன்.