கல்யாணப் படத்துக்கு யானை வெடி

யானை வெடிக்கும் கல்யாணப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? போன சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

யானை வெடி தெரியும்தானே? வயலுக்குள் இறங்குகிற யானையை விரட்ட விவசாயிகள் கொளுத்திப் போடுவது. பெருநாளைக்குச் சின்னப் பிள்ளைகள் கொளுத்துகிற பட்டாசு மாதிரி இல்லை. ஒரு யானையே பயந்து ஓட வேண்டுமென்றால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதை என் ராத்தாவின், அதாவது என் கூடப்பிறந்த அக்காவின், மகள் ரிஸ்னாவின் போட்டோ ஷூட்டில் கொளுத்தினார்கள். பறவைகளை நோக்கி!

ரிஸ்னாவுக்கு நிக்காஹ் முடிந்து ஒரு கிழமை. இந்தக் காலத்தில் நிக்காஹ் மட்டும் போதுமா? மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியிடத்துக்குப் போய்ப் படம் எடுக்க வேண்டும். அவள் முன்கூட்டியே எனக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

"சாச்சி, நீங்க கெமராவத் தூக்கிட்டுப் போற எடத்துக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க. எங்கட பின்னால பூநாரை நிக்கோணும். அதுக்கு மெச்சா ரோஸ் கலர் உடுப்பும் எடுத்திட்டேன்."

என் சனிக்கிழமைப் பறவைப் பைத்தியம் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மலையில் பூப் பூத்திருக்கிறது என்று ஊரெல்லாம் வேன் பிடித்து மேலே போகிற மாதத்தில், நான் பாலாவி ஊரைத் தாண்டி, கடல்நீர் தேங்கும் களப்போரமாகக் குந்தியிருப்பேன். மார்ச் மாதம்தான் எங்கள் களப்புக்கு வசந்தம். தண்ணீர் வற்றிக் கரையோரச் சேறு மினுங்கும். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேயும். அவற்றின் கால்களுக்கு இடையில் உள்ளான் குருவிகள் குடுகுடுவென்று ஓடும்.

இந்த மாதத்தில் அந்த உள்ளான்கள் தலையைத் தூக்குவதே அபூர்வம். ஏன் தெரியுமா? இன்னும் கொஞ்ச நாளில் அவை வடக்கே, பனி உருகும் நாடுகளுக்குப் பறந்தாக வேண்டும். கடலுக்கு மேலே சாப்பாட்டுக் கடை இருக்கிறதா என்ன? இங்கே தின்று உடம்பில் சேர்க்கிற கொழுப்புத்தான் கட்டுச்சோறு. அது குறைந்தால் பாதி வழியில் முடிந்தது கதை.

சரி, நம்முடைய பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறாள். கூட்டிக்கொண்டு போனேன். ராத்தா வந்தார், மாப்பிள்ளையின் உம்மா வந்தார். சிலாபத்திலிருந்து ஒரு போட்டோக்காரர், அவருடைய உதவியாளரோடு வந்தார். அவருடைய டீ-ஷேர்ட்டில் 'இயற்கையை நேசிப்போம்' என்று எழுதியிருந்தது... அதைப் பார்த்து மனம் குளிர்ந்தவள் நான்.

பறவைகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. போட்டோக்காரர் கெமராவுக்குள் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்.

"சும்மா நிக்கிது மிஸ். லைஃப் இல்ல. பறந்தாத்தான் ஷொட் எக நல்லா வரும்."

பிறகு உதவியாளரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உதவியாளர் பைக்குள் கையை விட்டார். என்ன எடுக்கிறார், ஏது எடுக்கிறார் என்று விளங்குவதற்குள்...

டமார்!

அவ்வளவு பறவையும் ஒரே மூச்சில் மேலே. பூநாரைகள் கத்திக்கொண்டு ஒரு பக்கம், உள்ளான்கள் மறுபக்கம். தின்றுகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு!

தின்றுகொண்டிருக்கும்போது எழும்பி ஓடுவது எப்படியென்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் நாங்கள். அடுப்பில் சோறு இருந்ததே என்று எங்கள் உம்மா மவுத்தாகி மண்ணுக்குள் போகும் வரைக்கும் சொன்னார். மனிதரையும் குருவியையும் ஒன்றாக வைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்கு அந்த அடுப்புத்தான் ஞாபகம் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

படமாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. வெடிச் சத்தத்தில் ரிஸ்னா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"பரவால்ல. பறவை திரும்பி வந்து இருக்கட்டும். திரும்ப ஒண்டு போடுவம்" என்றார் போட்டோக்காரர், மிகச் சாதாரணமாக.

"இன்னொண்டா? அதுகள் என்ன உங்கட சம்பளத்துக்கா பறக்குது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் செய்றதுதானே மிஸ்."

எல்லாரும் செய்வது! இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் என்னதான் செய்யவில்லை? மலைப் பூங்காவில் மரைக்கு பிஸ்கட் நீட்டிப் பக்கத்தில் இழுத்து செல்ஃபி. கண்டக்குழிக் கடலில் டொல்பினைக் கண்டால் நாலு பக்கமும் படகை விட்டு மறிப்பு. காட்டுக்குள் சிறுத்தை ஒன்று படுத்திருந்தால் ஜீப்புகளின் ஊர்வலம். இயற்கையை ரசிக்கப் போகிறவர்களுக்கு இயற்கை தன்பாட்டில் இருந்தால் மட்டும் பிடிப்பதில்லை. அது நமக்காக ஓட வேண்டும், குதிக்க வேண்டும், பறக்க வேண்டும்!

பறவைகள் வட்டமடித்து, களைத்து, ஒவ்வொன்றாக வந்து இறங்கின. உதவியாளர் அடுத்த வெடியைக் கையில் எடுத்தார்.

நான் மாப்பிள்ளையின் உம்மாவிடமிருந்த கறுப்புக் குடையை வாங்கினேன். வெயிலுக்குக் கேட்கிறேன் என்று நினைத்து அவரும் தந்துவிட்டார். அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினேன். பறவைகளுக்குக் கிட்டப் போகவில்லை. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், கெமராவுக்கு நேராகப் போய்க் குடையை விரித்து நின்றேன்.

"மிஸ், ஃப்ரேம் எகக்குள்ள வந்துட்டீங்க!"

"ஓம், வந்திட்டேன். இப்ப வெடியப் போட்டுப் படத்த எடுங்க, பாப்பம்."

ராத்தா கரையில் நின்று பல்லைக் கடித்தார். "அடியே, மேல வா! எங்கட புள்ள நாளைக்கு அந்த வீட்டிலதானே வாழப் போறாள்? கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். யோசிக்காமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளையின் உம்மாவின் முகம் ஏற்கெனவே இறுகிப் போயிருந்தது. "டீச்சர் படிச்சவங்கதானே... குருவிக்காகவா எங்கட மகன்ட படத்தக் கெடுக்கிறீங்க?" என்று கேட்டார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ரிஸ்னா திரும்பிப் பார்த்தாள். கண்ணுக்கு இட்ட மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"சாச்சி, என்ட கல்யாணத்தக் கெடுக்காதீங்க."

நான் தூக்கி வளர்த்த பிள்ளை. கால் நகரப் பார்த்தது. ஆனால் பின்னால் பறவைகள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்த சத்தம் சின்னதாகக் கேட்டது. நகரவில்லை. சூரியன் களப்புக்குள் இறங்கி வெளிச்சம் போகும்வரை அப்படியே நின்றேன். வெடி பைக்குள் திரும்பிப் போனது. வீடு போய்ச் சேரும்வரை வேனில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. இறங்கும்போது ரிஸ்னா ஸலாம்கூடச் சொல்லவில்லை.

ஞாயிறு, திங்கள்... ராத்தா ஃபோனை எடுக்கவே இல்லை. பறவைக்காக ஒரு பிள்ளையை இழந்துவிட்டேனோ என்று எனக்கும் கலக்கமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை படம் வட்ஸ்அப்பில் வந்தது. பார்த்தால்... மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் வானம் நிறையப் பூநாரைகள்! எல்லாம் கொம்பியூட்டரில் ஒட்டியவை. ஒரே பறவையைத்தான் பிரதி எடுத்து வரிசையாகப் பறக்க விட்டிருந்தார்கள். அதுவும் பூநாரை இல்லை, ரோஸ் கலர் பூசிய கொக்கு. பூநாரை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். இது கொக்கைப் போலக் கழுத்தை மடக்கிக்கொண்டு பறந்தது. குடையோடு நின்ற என்னைத் தேடினேன். துடைத்துவிட்டார்கள். சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த உண்மையான பறவைகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள்!

மாப்பிள்ளையின் உம்மாவுக்குப் படம் நல்லாப் பிடித்துவிட்டதாம். ராத்தா ஃபோனில் அதைச் சொல்லும்போது குரலில் பழைய ராத்தா இருந்தார்.

அன்றிரவு ரிஸ்னாவே எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"சாச்சி... அந்த ஆள்ட்டக் கேட்டன். பறவையெல்லாம் போட எவ்வளவு நேரம் எடுத்திச்சு எண்டு. டீ ஒண்டு குடிக்கிற நேரமாம்."

"ஓம் மகள்."

"அப்ப... என்னத்துக்கு சாச்சி அந்த வெடி?"

இந்த ஒரு கேள்விக்காக இன்னும் நாலு கல்யாணத்தில் குடையோடு குறுக்கே நிற்க நான் தயார்.